மதராஸ் மிஸ்

கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது திருச்சியில் யாரும் அதை வெளிநாடு என்று எண்ணவில்லை. ரங்கூனும் சிங்கப்பூரும்தான் வெளிநாடு. கொழும்புக்கு என்ன, தனுஷ்கோடியில் கப்பலேறினால் மடியில் வைத்த சோற்றுப் பொட்டலம் ஆறுவதற்குள் அக்கரை. "அங்கேயும் தமிழ்தானே பேசுறாங்க, அப்புறம் என்ன?" என்றார் அப்பா. இரண்டு முறை கல்யாணப் பேச்சு முறிந்துபோன வீடு அது. பி.ஏ., எல்.டி. முடித்த மகள் கண்ணெதிரே சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கடல் தாண்டி வேலை பார்ப்பது மேல் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முந்திய காலம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அதில் இங்கிலீஷ் டீச்சர் வேலை. தங்குவதற்கு அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வெள்ளவத்தையில் இடம் பார்த்து வைத்திருந்தார். காலி நகரத்துக்குப் போகும் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு சந்தில், அங்கே அதை ஒழுங்கை என்பார்கள், யாழ்ப்பாணத்து கிளார்க் ஒருவரின் வீடு. அவர், அவர் மனைவி, இரண்டு சிறு பெண் குழந்தைகள். மனைவி என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை 'ரீச்சர்' என்றார்.

அப்பா என்னை விட்டுவிட்டுத் திரும்பிப் போன அன்று, அக்கா எனக்கு இடியப்பம் பரிமாறினார். மேலே தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிக்கொண்டே, "காணுமே ரீச்சர்?" என்று கேட்டார்.

எதையோ காணோம் என்கிறார் என்று நினைத்துத் தட்டைச் சுற்றிப் பார்த்தேன். "எல்லாம் இருக்குதுங்க அக்கா" என்றேன்.

அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார். "இப்ப காணுமே?"

"இருக்குதுங்க."

தட்டு குளமாகிக்கொண்டிருந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் கணவர் சிரித்துவிட்டார். "போதுமா எண்டு கேக்கிறா ரீச்சர். நான் மதராஸ் படங்கள் எல்லாம் பாக்கிறனான், அதால எனக்கு உங்கட பாசை விளங்கும். இவவுக்கு விளங்காது."

உங்கட பாஷை. அந்தச் சொல்தான் எனக்கு நெஞ்சில் தைத்தது. எனக்கும் இவர்களுக்கும் ஒரே பாஷை என்றல்லவா அப்பா சொல்லி அனுப்பினார்? நாற்காலி அங்கே கதிரை. சமையலறை குசினி. துண்டு துவாய். ஆபீஸ் கந்தோர். நான் 'ஆமாம்' என்றால் குழந்தைகள் இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும், அவர்களுக்கு 'ஓம்'. நான் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போடுவதை அவர்கள் விளையாட்டாகவே வைத்துக்கொண்டார்கள். "பூனைங்க, பாயிலைங்க, படுத்திருக்குங்க" என்று ஒன்று சொல்ல, மற்றது உருண்டு புரளும். குழந்தைகள்தான், தெரியும். ஆனால் தாய்மொழியைப் பேசிச் சிரிப்புக்கு ஆளாவது எனக்குப் புதிது.

பள்ளிக்கூடத்தில் என் இங்கிலீஷ் எனக்குத் துணை நிற்கும் என்று நம்பினேன். கல்லூரியில் வாசிப்புக்கு முதல் பரிசு வாங்கியவள் நான்.

வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயிலேறி, கோட்டையில் இறங்கி, பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும். முதல் நாள் வகுப்பில் முன்வரிசை முழுவதும் பறங்கிப் பிள்ளைகள். வெளுத்த கைகளும் சுருள் முடியுமாக, வீட்டிலேயே இங்கிலீஷ் பேசி வளர்ந்த டச்சு, போர்த்துக்கீசிய வம்சத்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் வசதியான வீட்டுச் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும். கடைசி வரிசைகளில் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கத்துக் கடைக்காரர்கள், துறைமுகக் கிட்டங்கிக் கணக்கர்களின் பெண்கள். நான் ஒரு பாடத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். முன்வரிசைத் தோள்கள் குலுங்கின. நிறுத்தினேன். எல்லா முகங்களும் சாதுவாகின. மறுபடி வாசித்தேன். மறுபடி குலுங்கின.

காரணத்தைச் சொன்னவர் சங்கீத டீச்சரான ஒரு பறங்கி அம்மாள். நல்ல மனசுக்காரர். டீச்சர்கள் அறையில் என்னை ஓரமாக அழைத்து, "வருத்தப்படாதீர்கள் டியர், நீங்கள் எக் என்பதை யெக் என்கிறீர்கள். ஒன்லி என்பதை வொன்லி என்கிறீர்கள். எவ்ரி என்பது யெவ்ரி ஆகிவிடுகிறது" என்றார். எனக்குத் தெரிந்த எல்லாரும், எனக்குக் கற்றுக்கொடுத்த பேராசிரியர்கள் உட்பட, அப்படித்தான் சொன்னார்கள். வேறு விதமாகச் சொல்ல முடியும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் 'மதராஸ் மிஸ்' என்பதையும் அவரே சொன்னார்.

அந்த அறையில் இன்னொரு விஷயமும் எனக்குத் திகைப்பாக இருந்தது. எங்களில் மூன்று நான்கு பேர் தமிழர். ஒருவரோடொருவர் இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டார்கள். நான் தமிழில் ஏதாவது கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். கடுமையாக அல்ல, குழந்தை கொச்சையாக எதையோ சொல்லிவிட்டால் பெரியவர்கள் திருத்திச் சொல்வதைப்போல.

அதுபோக, நான் 'இந்தியாக்காரி' ஆகிவிட்டிருந்தேன். திருச்சியில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அங்கே நான் இன்னார் மகள், இந்தத் தெரு, இந்த ஜாதி. கடல் தாண்டிய பிறகுதான் ஒரு தேசம் முழுவதும் என் முதுகில் ஏறிக்கொண்டது. அந்த நாட்களில் இந்தியர்கள் வந்து வேலைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சு கொழும்பில் பலமாக இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அக்காவின் கணவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "இந்தியாக்காரரைத் திருப்பி அனுப்பத்தான் வேணும், சரியாத்தான் எழுதியிருக்கிறான்" என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, "ரீச்சரைச் சொல்லேல்லை" என்றார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

மெல்ல மெல்ல நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். வீட்டில் தமிழுக்குச் சிரிப்பு, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷுக்குச் சிரிப்பு, பஸ்ஸில் சிங்களம் தெரியாது. வாய் திறக்க இடமே இல்லாமல் போயிற்று. சாயங்காலங்களில் ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைப் பாறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். நான் காவிரிக்கரைக்காரி. ஆறு ஒரு திசையில் போகும், பார்த்தால் மனசு அதோடு போகும். கடல் எங்கேயும் போகாமல் அதே இடத்தில் இரைந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஆறுதலுக்குப் பதில் அலுப்பே வந்தது.

முதல் தவணை, எங்கள் ஊரில் டேர்ம் என்போமே, அது முடியும் சமயம், தலைமையாசிரியை என்னைத் தம் அறைக்கு அழைத்தார். அவர் இங்கிலாந்துக்காரர். தேநீர் வரவழைத்து, பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தி, என் இலக்கணத்தைப் பற்றியும் ஒழுங்கைப் பற்றியும் நிரம்பப் புகழ்ந்தார். அதற்குப் பிறகு, சில பெற்றோர் வந்து பார்த்ததாகச் சொன்னார். தங்கள் பெண்கள் வீட்டில் என்னைப்போலப் பேசிக் காட்டுகிறார்களாம். விளையாட்டாகத் தொடங்கியது பழக்கமாகிவிடுமோ என்று கவலைப்படுகிறார்களாம். "அடுத்த தவணையிலிருந்து வாசிப்பும் பேச்சும் வேறொருவரிடம் இருக்கட்டும். இங்கிலீஷில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனி வகுப்பாகப் பிரிக்கப் போகிறோம். அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போன்ற பொறுமைசாலி அவர்களுக்கு வேண்டும்" என்றார். குரல் ஒருமுறைகூட உயரவில்லை. நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வர வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது. அக்கா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"ஏன் ரீச்சர் முகம் வாடிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லைங்க அக்கா. ஹெட்மிஸ்ட்ரஸ் என்கிட்ட ரொம்ப நேரம் பேசினாங்க. அதான் லேட்டாயிடுச்சு."

அக்கா துருவலை நிறுத்தினார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். "ஏன் பேசினவ? நீங்கள் என்ன பிழை செய்தனீங்கள்? ஒரு குமர்ப்பிள்ளை, தாய் தேப்பனை விட்டுட்டு வந்து நிக்குது, அதைப் போய்ப் பேசுறதோ?"

இவர் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தக் கை தோளில் பட்டதும் என் கட்டு உடைந்துவிட்டது. கொழும்பு வந்து முதல் தடவையாக அழுதேன். அவர் என்னைப் பலகையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்தார். பிறகுதான் கேட்டார்: "உங்கட ஊரில பேசுறது எண்டால் என்ன?"

"பேசுறதுன்னா பேசுறதுதாங்க. இப்ப நாம பேசிக்கிட்டிருக்கோமே, இது."

"ஐயோ, அது கதைக்கிறது! இஞ்ச பேசுறது எண்டால் ஏசுறது." அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "அப்ப அந்த மனுசி உங்களைப் பேசேல்லையே? சும்மா கதைச்சவவோ?"

 பிஸ்கட் தட்டு நினைவுக்கு வந்தது.

"இல்லைங்க அக்கா. உங்க ஊர் அர்த்தத்துலதான் பேசினாங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அக்கா கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "நானும் இஞ்ச வந்து முதல் வருஷம் வாய் திறக்கேல்லை. மீன்காரன் சிங்களத்தில கேப்பான். இவற்ற கந்தோர் ஆக்களின்ர பெண்சாதிமார் இங்கிலீஷில கேப்பினம். நான் சிரிச்சுப்போட்டு நிப்பன். ஊமை எண்டு நினைச்சிருப்பினம். சிங்களம் சந்தையில பிடிச்சிட்டன். இங்கிலீஷ்தான் வரேல்லை. எனக்கு இஞ்ச கதைக்க ஆர் இருக்கினம்?"

இத்தனை மாதமாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவர் தம் இடத்தில் வேரூன்றி நிற்பவர், நான்தான் வெளியாள் என்று நினைத்திருந்தேன்.

அன்றே அவர் கேட்டுவிட்டார், தமக்கு இங்கிலீஷ் பழக்கித் தர முடியுமா என்று. மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பாலபாடம் கொண்டுவந்தேன். பூனை, பாய், தொப்பி. அக்கா இரண்டு பக்கம் பொறுத்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டார்.

"தொப்பியைப் பற்றி என்னட்ட ஆர் கேக்கப் போகினம் ரீச்சர்?"

"அப்ப உங்களுக்கு என்ன சொல்லணும் அக்கா?"

"எனக்குத் தலையிடி இல்லை எண்டு சொல்லப் பழக்குங்கோ." அவர் முகம் சிவந்தது. "கந்தோரில ஏதும் விசேஷம் எண்டால், பெண்சாதிமாரையும் கூப்பிடுவினம். ஒவ்வொரு முறையும் இவர் எனக்குத் தலையிடி எண்டு சொல்லிப்போட்டுத் தனியப் போறவர். எனக்கு ஒருநாளும் தலையிடி வந்ததில்லை."

அதுதான் அவருடைய முதல் இங்கிலீஷ் வாக்கியம். 'ஐ ஹேவ் நோ ஹெடேக்.' அதைக் குழம்பைக் கிளறிக்கொண்டும், குழந்தைகளுக்குத் தலை பின்னிக்கொண்டும் சொல்லிப் பார்த்தார். தினமும் அவர் கேட்பார், நான் சொல்வேன். என் பிள்ளைகள் பொல்லாத குழப்படி. இந்த மாம்பழம் எங்கே வாங்கினீர்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், விளங்கவில்லை. என் நாக்கில் எப்படியோ அப்படியே அவர் நாக்கிலும் போய் உட்கார்ந்தது. யெக், வொன்லி, யெவ்ரி எல்லாம் சேர்த்து. பதிலுக்கு அவர் என் தமிழைத் திருத்தினார். 'கெதியா' என்றால் சீக்கிரம், 'வெளிக்கிடு' என்றால் புறப்படு, 'பகிடி' என்றால் கேலி, 'குழப்படி' என்றால் சேட்டை. திருத்தும்போது அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

புதுத் தவணையில் பின்தங்கியவர்கள் வகுப்பு எனக்கு வந்தது. தகரக் கூரை போட்ட ஒரு பக்க அறை. கடைசி வரிசைகளில் நான் பார்த்த அதே முகங்கள். ஒரு தவணை முழுவதும் அவர்கள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. என் கண் முன்வரிசையை விட்டு நகர்ந்தால்தானே? முதல் நாள் புத்தகத்தைத் திறக்காமல், "உங்களுக்கு இங்கிலீஷில் என்ன சொல்லத் தெரிய வேண்டும்?" என்று தமிழில் கேட்டேன். தமிழில் கேட்டதே அவர்களுக்கு அதிர்ச்சி. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கொச்சிக்கடையிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், 'அது என்ட இடம், எழும்பு' எண்டு சொல்ல வேணும்."

யாரிடம் என்று நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கரும்பலகையில் எழுதினேன். எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். இன்னொரு முறை, இன்னும் உரக்க. மூன்றாவது முறை தகரக் கூரை அதிர்ந்தது. தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். வகுப்பு அடங்கியது. அவர் கரும்பலகையைப் படித்தார். நெடுநேரம் படித்தார் என்று எனக்குத் தோன்றியது.

"'ப்ளீஸ்' ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சேர்த்துக்கொண்டோம். அந்த வகுப்பில்தான் நான் டீச்சரானேன் என்று இப்போது தோன்றுகிறது. எல்.டி. பட்டம் வாங்கியபோது அல்ல.

அந்த வருஷக் கடைசியில், அக்காவின் கணவருடைய மேலதிகாரி உத்தியோகம் முடிந்து இங்கிலாந்துக்குத் திரும்புவதாக இருந்தார். அவருக்கு ஹெவ்லொக் டவுனில் ஒரு பங்களாத் தோட்டத்தில் தேநீர் விருந்து. மனைவிகளையும் அழைத்திருந்தார்கள்.

"எனக்குத் தலையிடி இல்லை" என்றார் அக்கா, தமிழில், கணவரிடம். "நான் வாறன். ரீச்சரும் வரட்டும்."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "சரி, வாங்கோவன்" என்றார்.

அக்கா நாவல் நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தார். தோட்டத்தில் நுழைந்ததும் என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேலதிகாரியின் மனைவி, உயரமான மெலிந்த அம்மாள், ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டே வந்தார். அக்காவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார், எந்த ஊர் என்று கேட்பார் என்று எல்லாம் தயார் செய்து வைத்திருந்தோம். அவர் கேட்டது வேறு.

"உங்களுக்குக் கொழும்பு பிடித்திருக்கிறதா?"

இதற்கு எங்களிடம் வாக்கியம் இல்லை. கணவர் அவசரமாக வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா, "நோ, மேடம்" என்றார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சொற்களைத் தேடினார். "பட் யெவ்ரி டே, லிட்டில் லிட்டில், ஐ ஆம் ட்ரையிங்."

அந்த அம்மாள் சிரிக்கப் போகிறார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். "எனக்கும் அப்படித்தான்" என்றார். "பல வருஷமாக முயன்றேன். இப்போது பிடித்துவிட்டது. இப்போது போகச் சொல்கிறார்கள்." பிறகு அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்த் தம் செடிகளைக் காட்டினார். இருவரும் குரோட்டன் தொட்டிகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றார்கள். என்ன கதைத்தார்கள் என்று பிறகு கேட்டேன். "அவ கன கதைச்சவ, எனக்குப் பாதி விளங்கேல்லை" என்றார் அக்கா. "'மெதுவாச் சொல்லுங்கோ' எண்டு சொன்னன். சொன்னவ."

வீடு திரும்பியதும் கணவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "லிட்டில் லிட்டில், யெவ்ரி டே! நல்ல மதராஸ் இங்கிலீஷ் பழகியிருக்கிறீர்" என்று மனைவியைப் பகிடி பண்ணினார்.

அக்கா காதுத்தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிதானமாகத் திரும்பினார். "என்னைக் கலியாணம் முடிச்சு எட்டு வருஷம். உங்கட நல்ல இங்கிலீஷில ஒரு சொல்லு எனக்குத் தந்தனீங்களோ? தலையிடி எண்டுதானே சொல்லித் திரிஞ்சனீங்கள்? ரீச்சர் தன்னட்ட இருந்ததைத் தந்தவ."

 நான் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மெதுவாக வெளியே போய்விட்டேன். மறுநாள் காலையில் கணவர் குசினி வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, "குட் மோர்னிங்" என்றார். "தேத்தண்ணி அங்க வைச்சிருக்கு" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல். ஆனால் அவர் அதை விடவில்லை. தினமும் வந்து சொன்னார். சில வாரங்களுக்குப் பிறகு ஒருநாள் அக்கா பதில் சொல்வதும் என் காதில் விழுந்தது. இந்தியாக்காரரைத் திருப்பி அனுப்பும் பேச்சு அந்த வீட்டில் அதற்குப் பிறகு எழவில்லை. அவர் மனம் மாறினாரா, மனைவிக்குப் பயந்தாரா, தெரியாது.

கொட்டாஞ்சேனையில் என்னை மதராஸ் மிஸ் என்று கூப்பிடுவது நிற்கவேயில்லை. பிற்பாடு தகரக் கூரை வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் வாயில் அது வேறு மாதிரி ஒலித்தது. 'வொன்லி'யைப் பழகித் திருத்திக்கொண்டேன். 'யெக்' கடைசிவரை திருந்தவில்லை.

யுத்தம் கிழக்கே பரவி, கொழும்பிலும் குண்டு விழுந்தபோது ஊர் காலியாகத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அக்காவின் கணவர் வேலையில் இருந்தாக வேண்டும். அக்காவும் குழந்தைகளும் யாழ்ப்பாணம், நான் தலைமன்னார் வழியாகத் திருச்சி. மதவாச்சிவரை ஒரே ரயில். கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில், குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"உங்கட அம்மா உங்களைக் கண்டவுடன முதல்ல என்ன சொல்லுவா ரீச்சர்?" என்று கேட்டார் அக்கா.

"இளைச்சுப் போயிட்டேன்னு சொல்லுவாங்க. எல்லா அம்மாவும் அதானே சொல்லுவாங்க?"

அவ்வளவுதான். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஒழுங்காச் சாப்பாடு தரேல்லை எண்டு நினைப்பாவோ?" தம் வழிக்கென்று கட்டிக்கொண்டு வந்த புட்டுப் பொட்டலத்தை அவிழ்த்து, அதை முழுவதும் என்னைச் சாப்பிட வைத்தார். மதவாச்சியில் நான் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். இறங்கிய பிறகும் ஒரு கதலி வாழைச் சீப்பை ஜன்னல் வழியாகத் திணித்தார். "போட்டு வாங்கோ" என்றார், போய்விட்டு வாருங்கள் என்று. அழக்கூட நேரமில்லை, பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள்.

திருச்சியில் அம்மா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னடி, இப்படிக் குண்டாயிட்டே?" என்றாள்.

அன்றே அக்காவுக்கு அதை எழுதிப் போட்டேன். யுத்த காலத் தபால், பதில் வர வெகு நாளாயிற்று. தமக்கு நிரம்பச் சந்தோஷம் என்றும், இதை ஊரில் எல்லாருக்கும் சொல்லிவிட்டதாகவும் தமிழில் எழுதியிருந்தார். இங்கிலீஷில்தான் எழுத நினைத்தாராம். எழுதியதை, லீவில் வந்திருக்கும் கணவர் வாசித்தால் பிழை பிடிப்பார் என்று விட்டுவிட்டாராம்.